எந்த மரக்காலால் அளந்தது? ஆண் ஹார்மோன் சோதனையில் ‘300’ என்னும் எல்லையின் வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களைப் படிப்பவர்கள் முதலில் சலிப்படையும் இடமும் பின்னர் நின்று வியக்கும் இடமும் ஒன்றே. நெல் அளந்து கொடுத்த செய்தி வருமிடத்தில், இத்தனை கலம் என்று சொல்லி அமையாமல், இராஜகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று, அளந்த கருவியின் பெயரையும் அக்கருவி எதனோடு ஒத்துப் பார்க்கப்பட்டதோ அந்த மூலக்கருவியின் பெயரையும் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார்கள். பொன்னாயின் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகளாயின் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் குறிக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், கருவியின் பெயரில்லாத எண் வழக்குக்கு இடம் கொடுக்குமே தவிர வழக்கைத் தீர்க்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்து நெடுஞ்சாசனம் ஒன்று இருப்பதும், கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதனை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்ததும், வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலர்சாலையின் 15 படுக்கைகளும், வைத்தியன் முதலானோர் பெறும் நெல்லும் காசும், ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளும் அதில் விவரமாக வருவதும் சரித்திர மாணாக்கர் அறிந்தவை. அச்சாசனத்தை நான் இங்கே நினைவுகூர்வது அதன் மருந்துகளுக்காக அன்று. மருத்துவமும் முகத்தலளவையும் ஒரே சுவரில், ஒரே கையெழுத்தில், ஒரே கவலையோடு எழுதப்பட்டன என்பதற்காக. பதினோராம் நூற்றாண்டில் நெல்லுக்குக் காட்டிய அந்தக் கவலையை இருபத்தோராம் நூற்றாண்டில் மனித இரத்தத்துக்கு நாம் காட்டுகிறோமா என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

இவ்விசாரத்துக்கு என்னைத் தூண்டியவை சிறுசேரியில் என் கைக்கு வந்த இரண்டு தாள்கள். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் நைட் ஷிப்ட் பார்க்கும் இளைஞர் ஒருவர், அடுத்த வீட்டுக்காரர், மணமாகி மூன்றாண்டுகள் ஆனவர், உடற்சோர்வும் மனச்சோர்வும் காரணமாகத் தம் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு, பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள இரண்டு லேப்களின் ரிப்போர்ட்டுகளையும் என்னிடம் கொண்டுவந்தார். முதல் தாளில் டெஸ்டோஸ்டிரோன் 2.71 என்றும், அதற்குரிய இயல்பெல்லை 2.49 முதல் 8.36 வரை என்றும் கண்டிருந்தது. எட்டு நாள் கழித்து எடுத்த இரண்டாம் தாளில் 268 என்றும், எல்லை 300 முதல் 1000 வரை என்றும் கண்டு, எண்ணின் பக்கத்தில் ‘குறைவு’ என்பதற்கு அடையாளமான எழுத்துத் தடித்த மையில் அச்சாகியிருந்தது. “முதல்ல நார்மல்னாங்க, இப்போ லோன்னு போட்டிருக்கு. அப்போ எனக்குக் குறைவுதானா சார்?” என்று அவர் கேட்டார். ‘குறைவு’ என்னும் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஆண்மைக்குறைவு என்று பெரிய எழுத்தில் சுவர்தோறும் விளம்பரம் எழுதப்படுகிற நாட்டில், லேப் தாளின் ஓர் எழுத்து எத்தகைய பாரமாக ஒருவன் நெஞ்சில் இறங்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகியவர் கண்ணுக்கு இவ்விரு தாள்களும் ஒரே மூலத்தின் இரண்டு பிரதிகள். முதற்பிரதியின் அலகு ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்பது. இரண்டாம் பிரதியின் அலகு ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்பது. டெசிலிட்டர் என்பது நூறு மில்லிலிட்டராதலால், 2.71 என்பதும் 271 என்பதும் ஒன்றே. ஆகவே பாடபேதம் எண்ணில் இல்லை. 271க்கும் 268க்கும் உள்ள மூன்று நானோகிராம் வேறுபாட்டை எந்தக் கருவியும் பொருட்படுத்தாது. பேதம் முழுவதும் எல்லையிலேதான் உள்ளது. ஒரு பிரதி 249இல் வேலி போடுகிறது, மற்றது 300இல் போடுகிறது. மனிதர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். வேறு லேப்களின் தாள்களைத் தேடியபோது 241 முதல் 827 வரை என்னும் மூன்றாவது பாடமும் கிடைத்தது. இந்த வேலிகள் எங்கிருந்து வந்தன, அவற்றுள் வட்டமான 300 எவ்வாறு உலகெங்கும் பரவிற்று என்பதை ஆராயப் புகும்போது, இத்துறையில் எனக்கு முன் நடந்தவர் ஒருவரோடு நான் வாதிட வேண்டியிருக்கிறது.

நெல்லி அவுட்ஸ்ஹோர்ன் என்னும் டச்சு ஆராய்ச்சியாளர் 1994இல் வெளியிட்ட ‘பியாண்ட் தி நேச்சுரல் பாடி’ என்னும் நூல், பாலியல் ஹார்மோன்களின் சரித்திரத்தை எழுதுவோர் எவரும் கடந்து செல்ல முடியாத நூல். ஹார்மோன்கள் இயற்கையில் ஒளிந்து கிடந்து கண்டெடுக்கப்பட்டவை அல்ல. சோதனைக்கூட விஞ்ஞானிகள், மருத்துவர்கள், மருந்துக் கம்பெனிகள் என்னும் மூவகையாரின் கூட்டுறவால் உருவாக்கப்பட்டவை என்பது அவர் கொள்கை. அதிலிருந்து அவர் ஒரு வரலாற்றுப் புதிரையும் விடுவிக்கிறார். பெண் ஹார்மோன் மருந்தாகவும் சோதனையாகவும் விரைந்து வளர, ஆண் ஹார்மோன் பின்தங்கியது ஏன்? பெண்ணின் உடலுக்கென்று மகளிர் மருத்துவமும் அதற்குரிய கிளினிக்குகளும் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தன. மூலப்பொருளும் நோயாளியும் சந்தையும் அங்கே ஒருங்கே கிடைத்தன. ஆணுடைய உடலுக்கு அவ்வாறான ஸ்தாபனம் இல்லை. ஆதலின் ஆண் ஹார்மோன் திண்டாடியது என்று அவர் விடை கூறுகிறார்.

இந்த விடையின் அழகை நான் மறுக்கவில்லை. பல ஆண்டுகள் இதனையே நானும் நம்பியிருந்தேன். ஆனால் இப்போது மூன்று ஆட்சேபங்கள் எழுகின்றன.

முதலாவது, மூலப்பொருளைப் பற்றியது. 1931இல் அடால்ஃப் பூட்டெனான்ட் ஆண் தன்மை விளைக்கும் ஆண்ட்ரோஸ்டிரோனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது, பெர்லின் நகரப் போலீஸ்காரர்களின் சிறுநீர் அதற்குப் பயன்பட்டது. 15,000 லிட்டர் என்று பெரும்பாலோரும் 25,000 லிட்டர் என்று சிலரும் எழுதுகிறார்கள். எப்பாடத்தைக் கொண்டாலும் கிடைத்த பொருள் சுமார் 15 மில்லிகிராம். 1935இல் எர்ன்ஸ்ட் லாகூரின் ஆம்ஸ்டர்டாம் குழுவினர் காளைகளின் விதைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தபோதும் சுமார் 100 கிலோ திசுவிலிருந்து 10 மில்லிகிராம் அளவே கிடைத்தது. இனி ஸ்தாபனம் இல்லை என்னும் வாதத்தை இங்கே வைத்துப் பார்ப்போம். போலீஸ் குடியிருப்பு ஒரு ஸ்தாபனம் அன்றோ? ஆயிரக்கணக்கான ஆண்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பட்டாளமும் சிறைச்சாலையும் ஸ்தாபனங்கள் அன்றோ? குடங்கள் நிரம்பின; குடத்துக்குள் பொருள் இல்லை. கர்ப்பிணியின் சிறுநீரிலோ ஹார்மோன் மிகுந்து வருவதால், 1920களின் இறுதியிலேயே ஆஷெய்ம், ஸோண்டெக் இருவரும் அச்சிறுநீரைச் சுண்டெலியில் செலுத்திக் கர்ப்பத்தை அறியும் சோதனையை அமைத்துவிட முடிந்தது. இருபாலாருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வில் ஒரு பங்கு கிளினிக்குக்கு உரியதாயினும், மற்றொரு பங்கு பொருளின் செறிவுக்கே உரியது. செறிவு குறைந்த பொருளை அளக்க நுண்ணிய மரக்கால் வேண்டும். அது அன்று இல்லை.

இரண்டாவது ஆட்சேபம், அளத்தல் என்னும் சொல்லையே பற்றியது. அவுட்ஸ்ஹோர்ன் தம் நூலில் அளவீட்டுக்குத் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்; காயடித்த சேவலின் கொண்டை மருந்து செலுத்தியபின் எவ்வளவு வளர்கிறது என்று பார்க்கும் சோதனையை அங்கே சிறப்பாக ஆராய்கிறார். சிகாகோவில் காக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1920களின் இறுதியில் செம்மைப்படுத்திய சோதனை அது. 1935இல் சர்வதேச மாநாடு ஆண் ஹார்மோனின் அலகை 0.1 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டிரோன் என்று நிர்ணயித்ததும் இவ்வழியில் வந்ததே. ஆனால் சேவலின் கொண்டை எதனை அளந்தது? குப்பியிலுள்ள மருந்தின் வீரியத்தை அளந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனின் இரத்தத்தை அளக்கவில்லை. மருந்தை அளப்பது வேறு, நோயாளியை அளப்பது வேறு. முன்னது விற்பவனுக்கு வேண்டியது, பின்னது நோயுற்றவனுக்கு வேண்டியது. அந்நூல் பெரும்பாலும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பற்றியதாகையால், இவ்விரண்டும் பிரிந்து நடந்த பிற்கால வரலாறு அதன் எல்லைக்குள் வரவில்லை. அதனை நான் குற்றமாகக் கூறவில்லை. அந்நூலைப் பிரமாணமாகக் கொண்டு இன்றைய இரத்தச் சோதனைக்கும் அதே விளக்கத்தை நீட்டுவோர் செய்வதே பிழை.

மூன்றாவது ஆட்சேபமே எனக்கு மிக வலியதாகப் படுகிறது. கிளினிக் இல்லாமையே காரணமாயின், கிளினிக் வந்தவிடத்துச் சோதனையும் செம்மையாக வந்திருக்க வேண்டும். 1930களில் ஸிம்மர்மன் கண்ட நிற மாற்றச் சோதனையைக் கொண்டு, சிறுநீரிலுள்ள 17-கீட்டோஸ்டீராய்டுகளை அளக்கும் வழக்கம் மேலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் பரவி, 1960கள் வரை ஆண் ஹார்மோனின் அளவுகோலாக ஆட்சி செய்தது. ஸ்தாபனம் இருந்தது, டாக்டர் இருந்தார், நோயாளி இருந்தார். ஆனால் ஓர் ஆணின் சிறுநீரில் காணும் 17-கீட்டோஸ்டீராய்டுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விதையிலிருந்து வருவதன்று. சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருவது. டெஸ்டோஸ்டிரோன் தானே ஒரு 17-கீட்டோஸ்டீராய்டும் அன்று. அது சிதைந்தபின் உண்டாகும் சில பொருள்களே அவ்வினத்தைச் சேர்ந்தவை. கால் நூற்றாண்டுக்கு மேலாக, விதையின் விளைச்சலை அறிய விரும்பியவர்கள் பக்கத்து வயலின் நெல்லைத் தங்கள் மரக்காலில் முகந்துகொண்டிருந்தார்கள். இதனைக் கிளினிக்கின் இன்மையால் விளக்க இயலுமா?

1944இல் ஹெல்லர், மையர்ஸ் என்னும் டெட்ராய்ட் மருத்துவர் இருவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இவ்விடத்தில் தனிமதிப்புடையது. அவர்கள் ஆண் ஹார்மோனை நேரே அளக்க முயலவில்லை. அதனைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன் சிறுநீரில் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். விதை சோர்ந்தால் தூண்டுகோல் ஓங்கும் என்பது அவர்கள் யுக்தி. பிறகு டெஸ்டோஸ்டிரோன் மருந்தைச் சில வாரம் கொடுத்துப் பார்த்து, குணமடைந்தோரையும் அடையாதோரையும் பிரித்தார்கள். வயதான ஆண் அனைவருக்கும் இக்குறை நேர்வதில்லை, சிலருக்கே நோயாக நேர்கிறது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். சரியான மரக்கால் கையில் இல்லை என்பதை உணர்ந்து, வேறொரு வழியால் உண்மையை அணுகிய அந்த நேர்மையை, பிற்காலத்தில் கருவி கிடைத்தபின் நாம் இழந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கருவி கிடைத்தது பெர்சனும் ரோசலின் யாலோவும் இன்சுலினுக்காக 1950களின் இறுதியில் கண்ட ரேடியோ இம்யூனோ அஸே என்னும் முறையால். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்ததும், 1970ஐ ஒட்டி டெஸ்டோஸ்டிரோனுக்கும் அம்முறை வந்ததும் தெரிந்தவை. முதலில் இரத்தத்திலிருந்து ஹார்மோனைக் கரைப்பானால் பிரித்து, தூய்மை செய்து, பிறகு அளந்தார்கள். ஒரு சோதனைக்கு ஒரு நாள் ஆயிற்று. பின்னர் தூய்மை செய்யும் படிகள் உதிர்ந்தன. 1990களில் தானியங்கிக் கருவிகள் வந்து சில நிமிஷங்களில் விடை தந்தன. வேகம் வந்தது, ஒற்றுமை போயிற்று. 2003இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தையேபும் சகாக்களும் 116 பேருடைய இரத்தத்தைப் பத்து வகைக் கருவிகளில் இட்டு, நிறைமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையோடு ஒத்துப் பார்த்தபோது, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் குறைந்த அளவுகளில் கருவிகள் பெரிதும் தடுமாறின. ஆண்களின் அளவில் தடுமாற்றம் குறைவே; ஆனால் ஆணின் அளவு தாழும் இடத்தில், அதாவது நோயை நிர்ணயிக்க வேண்டிய அதே இடத்தில், அது மீண்டும் தலைகாட்டுகிறது. 2007இல் எண்டோக்ரைன் சொசைட்டி என்னும் அமெரிக்கச் சங்கமே இதனை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. அதன்பின் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி., மூலக்கருவி ஒன்றை வைத்து மற்றக் கருவிகளை ஒத்துப் பார்த்துச் சான்றளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இராஜகேசரியோடு ஆடவல்லானை ஒத்துப் பார்த்த செயலே இது. சான்று பெறச் சராசரிப் பிழை 6.4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 300இல் அது ஏறக்குறைய 19. சான்று பெற்ற கருவியே 281 என்றும் 319 என்றும் சொல்லக்கூடுமானால், 300 என்பதை எவ்வாறு கோடாக மதிப்பது?

இனி அந்த 300இன் பிறப்பைப் பார்ப்போம். இங்கே சான்றுகள் மெலிந்தவை. ஆகவே அகச்சான்றையே அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எண்டோக்ரைன் சொசைட்டியின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆரோக்கியமான இளைஞர்களுக்குரிய கீழெல்லையை 280 முதல் 300 வரை என்று எழுதியது. எல்லை என்பது கோடாக இருக்க வேண்டும். இங்கே அது இருபது நானோகிராம் அகலமுள்ள வரப்பாக இருக்கிறது. லேப்கள் தத்தம் கருவியால் கண்ட கீழெல்லைகள் ஒத்துவராததால்தான் இந்த அகலம் உண்டாயிற்று என்பது என் துணிபு. அடுத்து, மருந்து ஆராய்ச்சிகளில் வழங்கும் 300 முதல் 1000 வரை என்னும் இணையை நோக்குக. மனிதர்களை அளந்து கணக்கிட்டால் இருமுனையும் இவ்வாறு சுழி சுழியாக முடிவதில்லை. உண்மையாக அளந்தபோது என்ன கிடைத்தது என்பதை 2017இல் டிராவிசனும் சகாக்களும் காட்டினார்கள்: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நான்கு குழுக்களைச் சேர்ந்த 9,054 ஆண்களின் அளவுகளைச் சி.டி.சி. மூலக்கருவியோடு இணக்கிப் பார்த்து, உடற்பருமன் இல்லாத 19 முதல் 39 வயதினருக்கு 264 முதல் 916 வரை என்று கண்டார்கள். 300–1000 என்னும் இணை அளவையிலிருந்து பிறந்ததன்று. மேசையைச் சுற்றி அமர்ந்து எண்ணை வட்டமாக்கியவர்களிடமிருந்து பிறந்தது. எந்த ஆண்டில், எந்த மேசையில் என்பதை அறுதியிடத் துணியமாட்டேன். தானியங்கிக் கருவிகளுக்கு முந்தைய காலத்தது என்று ஊகிக்க மட்டும் இடமுண்டு.

டிராவிசன் கட்டுரையின் ஒரே வாக்கியத்தில் இரண்டு எல்லைகள் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நூறு பேரில் இரண்டரைப் பேர் கீழே விழும் இடம் 264. ஐந்து பேர் கீழே விழும் இடம் 303. கருவி ஒன்று, மனிதர்கள் அவர்களே; எத்தனை பேரைக் குறைவுடையோர் என்று முன்கூட்டியே தீர்மானிக்கிறோமோ அதற்கேற்ப எல்லை மாறுகிறது. 2018இல் எண்டோக்ரைன் சொசைட்டி 264ஐ ஏற்றது. அதே ஆண்டில் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 300ஐ ஏற்றது. ஐரோப்பியச் சிறுநீரியலார் லிட்டருக்கு 12 நானோமோல், அதாவது சுமார் 346, என்கிறார்கள். 2010இல் வெளிவந்த ஐரோப்பிய ஆண் முதுமை ஆராய்ச்சியோ, 11 நானோமோலுக்குக் கீழான மொத்த அளவோடு, புரதத்தோடு கட்டுண்ணாத கட்டற்ற ஹார்மோனும் குறைந்து, மூன்று பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தால்தான் முதுமையிற் குறைவு என்று ஒப்புக்கொண்டது. எண்ணை மட்டும் கொண்டு எவரையும் குறைவுடையவர் என்று சொல்லக் கூடாது என்பதில் இவர்கள் அனைவரும் ஒருமனப்பட்டவர்கள். லேப் தாளின் தடித்த எழுத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆண்களின் கீழெல்லையாகக் கருதிய 10 நானோமோலையே தடகளச் சம்மேளனம் 2011இல் பெண்களுக்கு மேலெல்லையாக்கியதும், ஒடிசாவின் ஓட்டவீராங்கனை தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்ததும், இத்தகைய எண் எவ்வளவு தூரம் பயணம் செய்து யார் யாரைக் காயப்படுத்தும் என்பதற்குச் சான்றாகும்.

இந்த இடத்தில் அவுட்ஸ்ஹோர்னுக்கு உரிய பங்கை நான் கொடுத்தே தீர வேண்டும். 2000ஆம் ஆண்டில் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் விற்பனை பெருகியதும், 2015 மார்ச்சில் அந்நாட்டு மருந்து நிர்வாகம் வயதினால் மட்டும் உண்டாகும் குறைவுக்கு இம்மருந்து அனுமதிக்கப்படவில்லை என்று எச்சரிக்கும் நிலை வந்ததும் அவர் கொள்கைக்கு இசைந்தவை. ஆனால் சந்தை அந்த எல்லையை உண்டாக்கியது என்பதைவிட, தளர்ந்து கிடந்த வரப்பைச் சந்தை மிதித்துக் கடந்தது என்பதே பொருந்தும். வரப்பு தளர்ந்ததற்குக் காரணம் மரக்கால்களின் பேதம்.

சிறுசேரி இளைஞரின் தாள்களுக்குத் திரும்புவோம். அவற்றில் இன்னொரு வரி இருக்கிறது. முதல் இரத்தம் காலை 9 மணிக்கு எடுக்கப்பட்டது. இரண்டாவது மாலை 5 மணிக்கு. வழிகாட்டிகள் காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இருமுறை எடுக்கச் சொல்கின்றன. 30 முதல் 40 வயதுள்ள ஆண்களுக்குக் காலை 8 மணி அளவைவிட மாலை 4 மணி அளவு 20 முதல் 25 சதவீதம் தாழ்ந்திருப்பதை 2009இல் பிரம்பில்லாவும் சகாக்களும் கண்டார்கள். குளுக்கோஸ் கரைசல் குடித்தபின் அளவு ஏறக்குறைய கால்பங்கு இறங்குவதை 2013இல் வேறொரு குழுவினர் கண்டார்கள். அப்படியானால் முதல் தாள் முறைப்படி எடுத்தது, இரண்டாவது முறைதவறியது என்று முடித்துவிடலாமா? முடிக்கலாகாது. அவர் அந்தக் காலை 9 மணிக்கு நைட் ஷிப்ட் முடித்து, கண் மூடாமல், நேரே லேபுக்குப் போனவர். ஹார்மோனை உயர்த்துவது சூரியோதயமா, உறக்கமா? சிலரே பங்கெடுத்த ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று, 2005இல், உறக்கத்தைப் பகலுக்கு மாற்றினாலும் உறங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதையும், விழித்திருக்கும்போது இறங்குவதையும் காட்டியது. சிலரைக் கொண்டு செய்த ஆராய்ச்சிதான். எனினும் நான் இதனைப் பற்றிக்கொள்கிறேன். வழிகாட்டியின் ‘காலை’ இரவில் உறங்கி எழுந்தவனுடைய காலை. நாவலூர் முதல் கேளம்பாக்கம் வரை, விளக்கணையாத கட்டிடங்களில் அமெரிக்கப் பகலுக்காக இரவைக் கொடுத்துவிட்ட ஆயிரமாயிரம் பேருக்கு, காலை 9 மணி என்பது உடலின் மாலை. அவர்களுக்குக் ‘காலை’ என்பதை விழித்தெழுந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். அவ்வாறு எண்ணினால் இவருடைய முதல் தாள் காலைத்தாள் ஆகாது.

இன்னும் ஒன்று. தாளில் கண்டது மொத்த டெஸ்டோஸ்டிரோன். அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே கட்டில்லாமல் திரிவது. மற்றது ஆல்புமினோடு இளகலாகவும், எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதத்தோடு இறுகலாகவும் கட்டுண்டது. உடற்பருமனிலும் நீரிழிவிலும் எஸ்.எச்.பி.ஜி. குறையும், அதனால் மொத்தம் தாழ்ந்து, கட்டற்றது சரியாகவே இருக்கக்கூடும். களஞ்சியத்தில் முத்திரையிட்ட நெல் குறைந்ததைக் கண்டு, வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று முடிவு செய்வது போன்றது மொத்த அளவை மட்டும் நம்புவது. 1999இல் கெண்ட் நகரத்து வெர்மெயூலன், எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் இரண்டையும் கொண்டு கட்டற்ற அளவைக் கணக்கிடும் சூத்திரத்தை அமைத்தார். அதற்கு வேண்டிய இரு சோதனைகளும் சென்னையில் கிடைக்கின்றன, எழுதித் தருவோர்தாம் குறைவு. 2004இல் பரேஷ் தண்டோனாவின் குழுவினர் இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களில் மூன்றில் ஒருவருக்குக் கட்டற்ற ஹார்மோனே உண்மையில் குறைந்திருப்பதைக் கண்டது மறுபக்கத்துச் செய்தி. சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் கணக்கிட்டது. ஆகவே இச்சோதனை வீண் என்பது என் கட்சி அன்று; உண்மையாகக் குறைந்தவரைத் தவறவிடுவதும், குறையாதவரைக் குறைந்தவர் என்பதும் ஒரே அளவைக் குற்றத்தின் இரு முகங்கள்.

குறையாதவரைக் குறைந்தவர் என்றால் என்ன கேடு என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் பிட்யூட்டரி தன் தூண்டுகோலை அடக்கிக்கொள்ளும். விதையில் விந்தணு உற்பத்தி ஒடுங்கும். வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து, பயன் கண்டு, 1990இல் வெளியிட்டது. குழந்தைக்காக ஏங்கும் ஒருவர், 268 என்னும் எண்ணையும் அதன் பக்கத்துத் தடித்த எழுத்தையும் நம்பி, ஊசி போடும் ஒருவரிடம் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைக்க எனக்கு மனம் பதைக்கிறது. ஆகவே அந்த இளைஞரிடம் நான் முதலில் சொன்னது, பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகியவற்றையும் பார்த்து, ஹார்மோன் நோய் நிபுணர் ஒருவர் சொல்லும்வரை மருந்து எதுவும் தொடாதீர்கள் என்பதே. நக அழகுக்காக அவர் மனைவியோடு சேர்ந்து விழுங்கிவந்த பயோட்டின் மாத்திரையையும் சோதனைக்கு முன் நிறுத்தச் சொன்னேன்; சில கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

தைப்பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருந்தபோது, பத்து நாள் இரவில் உறங்கி, காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் மூன்றாவது முறை இரத்தம் கொடுத்து, அத்தாளையும் அனுப்பினார். 389 என்று கண்டிருந்தது. என் வாதம் வென்றது என்று மகிழலாமா என்று ஒரு கணம் எண்ணி, மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டேன். ஊர் வேறு, லேப் வேறு, கருவி வேறு. உறக்கத்தால் ஏறியது எவ்வளவு, மரக்கால் மாறியதால் ஏறியது எவ்வளவு என்று அத்தாளை வைத்துப் பிரிக்க முடியாது. முறை என்று தலைப்பிட்ட கட்டத்தில் எந்தக் கருவி என்பது எழுதப்படாமல் வெறுமையாக இருந்தது. பகல் ஷிப்ட் கிடைக்கும் மாசி மாதத்தில், சிறுசேரியில் முதலில் கொடுத்த அதே லேபில், எஸ்.எச்.பி.ஜி.யோடு சேர்த்து மறுபடி கொடுப்பதாக எழுதியிருக்கிறார். கருவியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கும்படி நானும் பதில் எழுதியிருக்கிறேன்.